டாக்டருக்குத் தமிழ் தெரியும்

இந்த நாட்டில் காசுக்கு வெள்ளி என்று பெயர். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கடைத்தெருவில் காதில் விழும்போதெல்லாம் எனக்கு முதலில் கிழமைதான் நினைவுக்கு வரும். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த புதிதில், கறிக்கடைக்காரர் “மூணு வெள்ளிக்கா” என்றால், மூன்று வாரத்துக் கறியா என்று ஒரு நொடி திகைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் வேலியோரம் நின்று “சூடா மாக்கான்?” என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்பது அதன் பொருள். நானோ சூடாகச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு, “இல்லைங்க, பழையதுதான்” என்று தமிழிலேயே பதில் சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, டாக்டர் தனபாலனிடம் வேலைக்குச் சேரும் வரைக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் உதவியாளராக இருந்தவள். கன்னியாஸ்திரிகளிடம் ஏச்சு வாங்கி வாங்கியே ஆங்கிலம் பேசப் பழகியிருந்தேன். என் கணவர் தேவராஜ் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது வெளியேறி, சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மகன் பிறந்த பிறகு, ஈப்போவில் டாக்டர் தனபாலனின் கிளினிக்கில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மருந்து எடுத்துக் கொடுப்பதோடு, தமிழ் நோயாளிகள் சொல்வதை டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டாக்டர் தமிழர்தான். ஆனால் “எனக்குத் தமிழ் வராது” என்று ஆங்கிலத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெளியே என் மேசையருகே நின்று இருமிக்கொண்டே, “காச்சல் தாயி. நாலு வெள்ளி ஆயிப்போச்சு” என்றார். நான்கு வாரமாகக் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறி, ரத்தச் சோதனை, நெஞ்சுப் படம் என்று அடுக்க ஆரம்பித்தார். பெரியவர் பயந்துபோய் மருமகனைக் கூப்பிட்டார். காய்ச்சல் நேற்றுத்தான் வந்தது, நான்கு வெள்ளி டாக்சிக்கு ஆனது என்று அந்த மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று, “இந்தியாவில் இந்தப் பெண்ணுக்குக் கிழமைக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்கவில்லையாம்” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். புரிந்தவர்கள் சிரித்தார்கள். புரியாதவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் இந்தியா. “இந்தியா, கம் ஹியர்.” “இந்தியா, நேற்று வந்த கார்டு எங்கே?” என் பெயர் வசந்தா என்பது அவருக்குத் தெரியும். பெர்மிட்டில் எழுதியிருந்தது.

அந்தப் பெர்மிட்டைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா ஒரு சுருட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருநாள் கணக்கப்பிள்ளை ஏதோ சொல்லிவிட்டார் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா புலம்பினாள். மறுநாள் காலையில் அதே தெருவில் எதிர் வரிசைக் கம்பெனியில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். வேலையை விடுவது என்றால் அவருக்குத் தெருவைக் கடப்பது. எனக்கு அப்படியில்லை. நான் இந்த நாட்டுக் குடிமகள் அல்ல. எனக்குக் கிடைத்த வேலைப் பெர்மிட்டில் அந்தக் கிளினிக்கின் பெயர்தான் இருந்தது. அதை விட்டால் வேறு எங்கும் வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு முறை அவர் கத்தும்போதும் அப்பாவின் துண்டு நினைவுக்கு வரும். உடனே பெர்மிட்டும் நினைவுக்கு வரும். மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் போட்டபடியே, போகிறேன் என்று சொல்வதற்கு மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருப்பேன். பொட்டலம் முடியும்போது வாக்கியம் கலைந்துவிடும்.

கெட்ட மனிதர் என்று முடிவு கட்டியிருந்தால் இவ்வளவு அலைக்கழிப்பு இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. எங்கள் மகனுக்கு இளைப்பு வந்துவிட்டது. கல்லுடைக்கும் மலையடிவாரத்தில் வீடு. தூசு அவனுக்கு ஆகாது. உதடு நீலம் பாரித்து, கழுத்தெலும்பு குழிந்து குழிந்து எழுந்தது. தேவராஜ் காப்பிக்கடைக்கு ஓடித் தொலைபேசியில் டாக்டரைக் கூப்பிட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவரே காரில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு ஊசி போட்டார். பிறகு பையனின் முதுகை நீவிக்கொண்டே, “மூச்ச இழு கண்ணு. அவசரப்படாத. மொள்ள வுடு… மொள்ள, மொள்ள. அப்படித்தான்டா ராசா” என்றார். சுத்தமான தோட்டத்துத் தமிழ். என் மாமனார் பேசியதைப் போலவே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு சீரானதும் எழுந்து, நாளைக்கு எட்டு மணிக்குச் சரியாக வந்துவிடு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

“அவரு கிராணி மவன் லா” என்றார் தேவராஜ். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்; லா என்பது இங்கே பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஓசை. “பத்து வயசு வரைக்கும் தோட்டத்துலதான் இருந்தாராம். அப்புறம் இங்கிலீசு ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. தமிழு எங்க போயிடும்? உள்ளதான் இருக்கும்.”

வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, டாக்டர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவார். நிர்வாகம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. நானும் அவர் காரில் போவேன். சனங்கள் ஆற்றுத் தோட்டம் என்று சொல்லும் அந்த இடத்தில் பாதி ரப்பர் மரங்களை அப்போதே சாய்த்துவிட்டிருந்தார்கள். மீதிப் பாதியும் எப்போது சாயும் என்று தெரியாது. தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர்கள், நோய் விடுப்புச் சீட்டு அதிகம் கொடுப்பதாக டாக்டரைப் பற்றிக் குறை சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அவர் கையெழுத்துப் போடுவது அரிதாகிவிட்டது. அந்தச் சீட்டு இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். “போகச் சொல்” என்று அவர் சொல்வார். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. சனங்கள் அவரைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னைத்தான் பார்ப்பார்கள்.

அஞ்சலை அக்கா அப்படித்தான் ஒரு புதன்கிழமை வந்தார். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். நாற்பது வயது தாண்டியிருக்கும். வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. இடது தோளைப் பிடித்தபடி, “நெஞ்ச அடைக்குது தங்கச்சி. நாலு மரம் வெட்டுறதுக்குள்ள உக்காந்துட வேண்டியிருக்கு” என்றார். நெஞ்சு அடைக்கிறது, நடந்தால் கூடுகிறது, தோள் வலிக்கிறது என்று ஒரு சொல் விடாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் குழாயை வைத்துப் பார்த்தார். வாசலில் வரிசை நீளமாக இருந்தது. “வாயு. நடிப்பும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளை மருந்து கொடு, சீட்டு கிடையாது” என்றார். நான் நகரவில்லை. “டாக்டர், ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்கு…” என்று ஆரம்பித்தேன். “இந்தியா! நீ எப்போது டாக்டரானாய்?” என்றார். வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். அக்கா போத்தலை வாங்கிக்கொண்டு, “நடிக்கிறேன்னு சொல்றாரா?” என்று மட்டும் கேட்டார். இங்கிலீசில் அந்தச் சொல் அவருக்குப் புரிந்திருக்கிறது. மறுநாள் விடியற்காலை வெட்டுக்காட்டில் பால் வாளியோடு சாய்ந்துவிட்டார். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயக் கோளாறு என்றார்கள்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராமையா விசாரணை வேண்டும் என்று மானேஜரிடம் கேட்டார். மானேஜர் கிளினிக்குக்கு அழைத்தபோது நான் பக்கத்திலேயே கார்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் தொலைபேசியில், “என்னிடம் சரியாகச் சொல்லப்படவில்லை. என் உதவியாளர் இந்தியாக்காரி. இங்கத்துப் பேச்சு அவளுக்குப் புரிவதில்லை. முன்பும் இப்படி ஆகியிருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியை அனுப்பு என்றார். நானும் அனுப்பினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே வியப்பாக இருக்கிறது. கால்கள் தாமாக நடந்து கதவைத் திறந்தன.

அதைவிடக் கொடுமை, எனக்கே சந்தேகம் வந்ததுதான். நெஞ்சை அடைக்கிறது என்றால் இங்கே வேறு பொருளா? எங்கள் ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று எத்தனை சொற்களில் தடுக்கி விழுந்திருக்கிறேன்! சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தேவராஜிடம் கேட்டேன். “ஏங்க, நெஞ்ச அடைக்குதுன்னா இங்க என்ன அர்த்தம்?”

“நெஞ்ச அடைக்குதுன்னா நெஞ்ச அடைக்குது. இதுல என்னா இருக்கு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பருகே வந்து உட்கார்ந்தார். “இரு வசந்தா. அவசரப்படாத. பெர்மிட்டு அவரு பேருல இருக்கு. புள்ளைக்கு மூச்சு வாங்குனா யாரு கிட்ட ஓடுறது? தப்பா கேட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிடும். உன்ன யாரு தூக்குல போடப்போறா?”

“தப்பாக் கேட்கலையே.”

“தெரியும் லா,” என்றார்.

ஆஸ்பத்திரியில் அஞ்சலை அக்காவைப் போய்ப் பார்த்தேன். முகம் சுருங்கி, கட்டிலில் சின்னப் பிள்ளையைப் போலக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் முறைப்பார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, டாக்டர தொரத்தியுடற மாதிரி எதுவும் பண்ணிடாதீங்க. புது மொதலாளி தோட்டத்து ஆஸ்பத்திரிய மூடறதுக்குச் சாக்கு தேடிக்கிட்டிருக்கான். இவரும் போயிட்டா, எங்க லயத்துக்கு எவன் வருவான்?” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் சொன்னார்: “ஆனா ஒண்ணு. நான் நடிச்சேன்னு சொன்னாரே, அது மட்டும் இல்லைன்னு சொல்லிடுங்க. நான் வேலைக்குப் பயந்தவ இல்ல.” டாக்டரையும் காப்பாற்ற வேண்டும், அவர் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த சீனப் பாட்டி எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டு, கன்னத்தில் தடவச் சொல்லித் தைலம் எடுத்துக் கொடுத்தார். தடவிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அடுத்த புதன்கிழமை தோட்டத்து ஆபீசில் விசாரணை. மானேஜர், ராமையா, அஞ்சலை அக்காவின் கணவர், டாக்டர், நான். டாக்டர் தொலைபேசியில் சொன்னதையே மறுபடியும் ஆங்கிலத்தில் சொன்னார். மானேஜர் என் பக்கம் திரும்பி, தவறாகப் புரிந்துகொண்டாயா என்று மலாயில் கேட்டார். ராமையா குனிந்து, “பயப்படாம சொல்லுங்க தங்கச்சி, நான் மலாய்ல சொல்லிடறேன்” என்றார். அந்த நேரத்தில் மகனின் நீலம் பாரித்த உதடுதான் கண்ணில் நின்றது.

“அஞ்சலை அக்கா நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னாங்க. தோளு வலிக்குதுன்னு சொன்னாங்க. அதத்தான் நானும் டாக்டர் கிட்ட சொன்னேன். நான் சொல்லாட்டியும் அவருக்குப் புரிஞ்சிருக்கும். டாக்டருக்குத் தமிழ் தெரியும்.”

“யாரு சொன்னா?” என்றார் ராமையா.

“என் புள்ளைக்கு மூச்சு நின்னுபோற மாதிரி இருந்தப்ப, தமிழ் பேசித்தான் காப்பாத்துனாரு.”

டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குச் செய்த ஒரே பெரிய நன்மையை எடுத்து அவர் மேலேயே வீசியிருக்கிறேன் என்று தோன்றியது. சொல்லாமலும் இருந்திருக்க முடியாது. ராமையா கெட்டிக்காரர். டாக்டரை நீக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அஞ்சலை அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், இனி நெஞ்சு வலி என்று வருகிற யாரையும் தோட்டத்து வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதும் வேண்டும் என்று கேட்டார். டாக்டர் சரி என்று தலையாட்டியதால் மானேஜரும் ஒப்புக்கொண்டார்.

திரும்பிப் போக எனக்கு அவர் காரை விட்டால் வேறு வழி இல்லை. வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்துவிட்டார். செம்மண் பாதை முடிந்து கார் தார் ரோட்டில் ஏறியது. பிறகு, திரும்பிப் பார்க்காமல், முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

“எங்கப்பாரு இந்த மாதிரி ஆபீசுலதான் உக்காந்திருந்தாரு. லீவு கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு நடிக்கிறாங்கன்னு சொல்லுவாரு.”

“மீதிப் பாதிப் பேரு, டாக்டர்?” என்றேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். ஈப்போ வந்ததும் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் வந்தார், சட்டையின் கையை மடித்தார், “இந்தியா, முதல் கார்டு” என்றார். எதுவுமே நடக்காததைப் போல! துரத்தியிருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும். முடிவை என் தலையிலேயே வைத்துவிட்டார். அதன் பிறகு பல வாரங்கள் நான் பட்டது பெரிய பாடு. போவதா இருப்பதா என்று காலையில் ஒரு முடிவு, மாலையில் ஒரு முடிவு. தேவராஜிடம் பேசினால் அவர் லாரியைக் கழுவப் போய்விடுவார். ஊருக்கு எழுதலாம் என்றால், அக்கரைச் சம்பளத்தை யாராவது விடுவார்களா என்றுதான் பதில் வரும்.

ஆனால் தோட்டத்தில் ஒன்று மாறியிருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்ற செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. சனங்கள் என் பக்கம் திரும்பாமல் நேராக அவரிடமே பேச ஆரம்பித்தார்கள். அவருக்கும் வேறு வழியில்லை. “என்னா செய்யுது?” என்று கேட்கத் தொடங்கினார். கத்துவதையும் தமிழிலேயே கத்தினார். தமிழில் கத்தினால் தமிழில் பதில் வரும் அல்லவா? “நீங்க ஒருநா வந்து மரம் வெட்டிப் பாருங்க டாக்டரு, அப்புறம் தெரியும் முதுகு வலின்னா என்னான்னு” என்றாள் ஒருத்தி. அவர் முறைத்தார். முறைத்துவிட்டு அவளுக்குச் சீட்டு எழுதினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அந்த அறையில் இப்போது என் நாக்குக்கு வேலை இல்லை. போகலாம் என்று அப்போதுதான் முதன்முறையாக அமைதியாகத் தோன்றியது.

அன்றைக்கே கிளினிக்கில் சொன்னேன். “டாக்டர், நான் நின்னுக்கிறேன்.”

வேலையை விடுவதை இங்கே நிற்பது என்பார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டுவிட்டிருந்தேன். அவருக்குத்தான் விளங்கவில்லை. “நில்லேன், யாரு வேணாம்னா?” என்றார்.

“இல்ல டாக்டர். வேலைய விட்டு நிக்கிறேன்.”

பேனாவை மூடினார். ஏன் என்று கேட்கவில்லை. “பெர்மிட்?” என்றார். தெரியவில்லை என்றேன். மேசை மேலிருந்த தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்து, தைப்பிங்கில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் லிம் என்ற சீன அம்மாளை அழைத்தார். என் எதிரிலேயே பேசினார். “வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நோயாளி சொன்னதைச் சொன்னபடி உங்களிடம் சொல்வாள்.” கேட்டுக்கொண்டு நின்றேன். பாராட்டா, பழிப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பெர்மிட்டை மாற்றுவதற்கு வேண்டியதையெல்லாம் அவரே முன்னின்று செய்துகொடுத்தார். கடைசி நாளிலும் இந்தியா என்றுதான் கூப்பிட்டார்.

தைப்பிங்குக்குக் குடிபெயர்ந்தோம். தேவராஜுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் லாரி கிடைத்தது. மகனுக்கு இளைப்பு குறைந்தது. டாக்டர் லிம் அதட்டாதவர். அதிகம் பேசவே மாட்டார். என் பெயரை ‘வசந்தா’ என்று சீனர்களுக்கே உரிய இழுப்போடு சொல்வார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் புதன்கிழமை வந்தால் மனம் ஆற்றுத் தோட்டத்துக்குப் போய்விடும். ஓரிரண்டு ஆண்டுகளில் மீதி மரங்களையும் சாய்த்துவிட்டார்கள் என்றும், கடைசிக் குடும்பம் வெளியேறும் வரை டாக்டர் போய்க்கொண்டிருந்தார் என்றும் ராமையா சொல்லித் தெரிந்தது. அஞ்சலை அக்கா மகளோடு ஈப்போவில் இருக்கிறாராம். நான் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்திருக்க வேண்டுமோ என்று கேட்டுக்கொள்வேன். இருந்திருந்தால், ஏன் இருந்தாய் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இடம் பெயர்ந்தவர்களுக்கு இது ஒரு வியாதி போலும்.

தைப்பிங்கில் மத்தியானத்துக்கு மேல் மழை வராத நாள் அபூர்வம். சோறு தின்ற கை காய்வதற்குள் கொடியிலிருக்கும் துணியை எடுத்துவிட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், எட்டு வருடம் கழித்து, மகனோடு திண்டுக்கல்லுக்குப் போயிருந்தேன். சித்திரை மாதம். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து மாடிக்கு ஓடி, கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் அவசர அவசரமாக உருவினேன். “எங்கக்கா மழை?” என்று தங்கை படிக்கட்டில் நின்று சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. துணியெல்லாம் எப்போதோ காய்ந்து அப்பளம் போல மொடமொடத்தது. அவள் கீழே போன பிறகும், சூடேறிய அந்தத் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கொதிக்கும் மாடித் தரையில் கால் மாற்றி மாற்றி வைத்து, வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றேன்.